கைவிடப்பட்ட உல்லாசத் தீவும் ஜனங்களின் அபிப்பிராயமும்



ஒரு தீவை இனி என்ன செய்வது என்று அதைச் சார்ந்து வாழும் ஜனங்களிடம் ஒரு சர்க்கார் அபிப்பிராயம் கேட்க முற்படுகிறதென்றால், அதைக் கேட்ட மாத்திரத்தில் கைதட்டிவிடாமல், அந்தக் கேள்வி எந்தக் காலத்தில் எழுந்தது, யாரிடம் முதலில் கேட்கப்பட்டது, வந்த விடையை எங்கே கொண்டுபோய் வைக்க உத்தேசம் என்பதையெல்லாம் சற்று நிதானமாக விசாரிப்பது குடியாட்சியில் நம்பிக்கை கொண்டவர்களின் கடமை என்று நான் கருதுகிறேன். இன்று அத்தகைய விசாரணைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்தைச் சேர்ந்த கிரேட் கெப்பல் என்னும் தீவு. ஒரு காலத்தில் அந்தத் தேசத்து வாலிபர்கள் அனைவரும் பெயரைக் கேட்டாலே குதூகலிக்கும் உல்லாசத் தலமாக இருந்து, 2008-ஆம் ஆண்டில் விடுதி மூடப்பட்டு, பதினைந்து வருஷ காலம் ஆளுக்கொரு மனக்கோட்டை கட்டும் இடமாகக் கிடந்து, பிறகு, வேறு வழி ஏதும் தோன்றாத நிலையில், ஜனங்களின் முன்னே ஒரு வினாவாக வந்து நின்ற தீவு அது.

மகர ரேகையை ஒட்டிய கரையோரத்தில் யெப்பூன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கிழக்கே கடலில் எழுந்து நிற்கும் இத்தீவு பவளத் திட்டு அன்று. குன்றும் காடும் ஓடையும் சதுப்பும் உடைய பெருநிலத்தின் துண்டு. கடல்மட்டம் உயர்ந்தபோது கரையிலிருந்து பிரிந்து போன மலைமுடி என்று சொல்லலாம். பரப்பு ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டர். வெண்மணல் கடற்கரைகள் மட்டும் பதினேழு என்று பிரயாண விளம்பரங்கள் சலிக்காமல் எண்ணிக் காட்டுவது வழக்கம். சுற்றிலும் உள்ள கடல் உலகப் பாரம்பரியச் சொத்தாக 1981-இல் அங்கீகாரம் பெற்ற பெருந்தடுப்புப் பவளப் பாறைத் தொடரின் தென்பகுதியைச் சேர்ந்தது. 1770-இல் அவ்வழியே கப்பல் செலுத்திச் சென்ற காப்டன் குக், கெப்பல் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் பெயரை அந்த விரிகுடாவுக்குச் சூட்டினார். தீவின் கரையை மிதித்தே இராத ஒருவரின் பெயர் இன்றளவும் அதற்கு நிலைத்துவிட்டது.

அதற்கு முன்பே அதற்கு ஒரு பெயர் இருந்தது. வொப்பா என்பது அந்தப் பெயர். அதன் மக்கள் வொப்பாபுரா. வடக்கே உள்ள சிறிய கெப்பல் தீவுக்குக் கொனோமி என்று பெயர். நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அத்தீவுகளில் மனிதர் வாழ்ந்தனர் என்பதற்குச் சிப்பி ஓடுகளின் குவியல்கள் சாட்சி. மரப்பட்டைத் தோணியில் ஏறி, ஈட்டி கொண்டு ஆமையும் ஆவுளியாவும் வேட்டையாடி, ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தென்கடலிலிருந்து வடக்கே வரும் கூன்முதுகுத் திமிங்கிலத்தைத் தம் குலச்சின்னமாகக் கொண்டாடி வாழ்ந்த நெய்தல் நில மக்கள் அவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவு ஆட்டு மந்தைக்காகக் குத்தகைக்கு விடப்பட்டபோது, புல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றெல்லாம் கணக்குப் பார்த்தவர்கள், குடியிருப்போரின் அபிப்பிராயத்தை மாத்திரம் கேட்கவில்லை. கொலையும் நோயும் பலாத்காரமும் சேர்ந்து அந்தச் சமூகத்தைச் சிதைத்தன. 1897-இல் குவீன்ஸ்லாந்து சட்டசபை ‘பாதுகாப்பு’ என்ற பெயரைத் தாங்கிய ஒரு சட்டத்தை நிறைவேற்றிற்று. பூர்வகுடிகளை எந்த இடத்திலிருந்தும் எந்த இடத்திற்கும் அகற்றும் அதிகாரத்தை உத்தியோகஸ்தர்களுக்கு அளித்தது அச்சட்டம். 1902-இல் எஞ்சியிருந்த மிகச் சிலரும் தீவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். காப்பாற்றுவது என்ற சொல்லின் பெயரால் ஒரு ஜனக்கூட்டத்தை அதன் மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கும் இந்தச் சாமர்த்தியத்தை அக்காலத்துச் சாம்ராஜ்யங்கள் உலகமெங்கும் பயின்றிருந்தன என்றாலும், இத்தனை சிறிய இடத்தில் இத்தனை முழுமையாக அது நிறைவேறியதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

இந்தச் சரித்திரத்தை நான் விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் இரக்கத்தைக் கிளறுவது அன்று. பிற்காலத்தில் தீவைப் பற்றி நடந்த ஒவ்வொரு பேரத்திலும் ‘வெறுமையான தீவு’ என்ற ஓர் எண்ணம் அடியோட்டமாக ஓடியது. அது வெறுமையாக இருந்ததல்ல, வெறுமையாக்கப்பட்டது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், பின்னால் நாம் பேசப்போகும் கலந்தாலோசனையில் யாருக்கு எந்த ஆசனம் என்பது விளங்கும்.

ஆட்டுப் பண்ணைகள் போன பிறகு, 1960-களின் பிற்பகுதியில் உல்லாச விடுதி வந்தது. விமானக் கம்பெனிகளும் பிரயாணக் கம்பெனிகளும் மாறி மாறி அதை நடத்தின. தீவிலேயே ஒரு சிறு விமான ஓடுதளம் இருந்தது. 1980-களில் குடித்துக் கும்மாளமிட்டுக் கவிழ்ந்து கிடப்பதற்கென்றே வாருங்கள் என்ற பொருள்படும் விளம்பரமொன்று தேசமெங்கும் பிரசித்தமாகி, வாலிபப் பிரயாணிகளைக் கூட்டங்கூட்டமாக அங்கே இழுத்தது. அந்த விளம்பரத்தை இன்று நினைத்து முகஞ்சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் யெப்பூனிலும் அருகிலுள்ள ராக்ஹாம்ப்டன் நகரிலும் அந்த விடுதியில் முதல் சம்பளம் வாங்கியவர்களும், அங்கே சந்தித்து மணம் புரிந்தவர்களும், படகோட்டிப் பிழைத்தவர்களும் பல குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது வெட்கப்படத்தக்க காலமல்ல. ஊருக்குப் பணம் புழங்கிய காலம். பொது ஆலோசனைக்கு வந்து பேசுபவர்களில் கணிசமானோர் தம் வாலிபப் பிராயத்தைத் திரும்பக் கேட்பவர்களே என்று நான் சற்றுக் குறும்பாகச் சொன்னால் அவர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

டவர் ஹோல்டிங்ஸ் என்ற கம்பெனி 2006-இல் விடுதியை வாங்கியது. 2008-இல் விடுதி மூடப்பட்டது. அதன் பின் வந்தவை வரைபடங்கள். முதல் திட்டத்தை 2009-இல் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் மந்திரி பீட்டர் காரெட் ஏற்க இயலாதென்று நிராகரித்தார். திருத்தப்பட்ட திட்டம் 2013-இல் அனுமதி பெற்றது. 250 அறைகள் கொண்ட ஹோட்டல், 750 தனி வீடுகள், 300 அடுக்குக் குடியிருப்புகள், 250 படகுகள் நிற்கும் துறை, கோல்ஃப் மைதானம் என்று அதன் அங்கங்களைப் படிக்கப் படிக்க, தீவிலே ஒரு விடுதி கட்டுவதா, ஒரு நகரத்தைக் கொண்டுபோய்த் தீவின் மேல் வைப்பதா என்ற சந்தேகம் எழும். அனுமதி கையில் இருந்தும் ஒன்றும் எழும்பவில்லை. சூதாட்ட விடுதிக்கு உரிமம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து ஓய்ந்தது. வாங்குவதாக வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். தேசத்தின் மிகப் பெரிய செல்வந்தராகிய ஜீனா ரைன்ஹார்ட் அம்மையாரின் கம்பெனியும் ஆர்வம் காட்டிப் பின் ஒதுங்கிக்கொண்டது. இடையே 2015-இல் மார்சியா என்னும் சூறாவளி அந்தக் கரையைத் தாக்கிற்று. ஆளில்லாத கட்டடங்களில் கதவும் கூரையும் போயின, ஆடுகள் திரிந்தன.

இது ஒரு கம்பெனியின் தோல்வி மாத்திரமன்று. அதே மாகாணத்தின் கரையோரத்தில் உள்ள மற்றத் தீவுகளைப் பாருங்கள்: டங்க் தீவின் விடுதி 2011-இல் யாசி சூறாவளியால் சிதைந்தது; பிராம்ப்டன் தீவின் விடுதி அதே ஆண்டில் மூடப்பட்டது; லிண்ட்மன் தீவில் இயங்கிய பிரெஞ்சுக்காரர் விடுதி 2012-இல் மூடப்பட்டது; தென் மோல் தீவை 2017-இல் டெப்பி சூறாவளி தீர்த்துக் கட்டியது. காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கல்லும் காய்கறியும் படகில் வர வேண்டும். மின்சாரத்துக்கு டீசல் எரிக்க வேண்டும். கழிவுநீரைத் தீவிலேயே சுத்திகரிக்க வேண்டும். சூறாவளி மண்டலத்தில் காப்பீட்டுக் கட்டணம் முதலாளியின் கழுத்தை நெரிக்கும். இவ்வளவும் சேர்ந்து ஓர் அறையின் வாடகை உயரும் அதே வேளையில், மெல்போர்னிலிருந்து பாலித் தீவுக்கு விமானக் கட்டணம் மலிந்துபோயிற்று. இதற்கு மேல், குத்தகையை வைத்துக்கொண்டு கட்டாமல் காத்திருப்பதே சில கைகளில் ஒரு தொழிலாகிவிட்டது என்ற முறையீடு வலுத்து, மாகாணச் சட்டசபைக் குழுவொன்று இந்தத் தீவு விடுதிகளின் கதியைப் பற்றி விசாரணையே நடத்த வேண்டி வந்தது.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குவீன்ஸ்லாந்து சர்க்கார், குத்தகைப் பணம் நிலுவையில் நின்றதைக் காரணம் காட்டி, டவர் கம்பெனியின் குத்தகைகளை ரத்துச் செய்வதாக அறிவித்தது. தீவுக்கென்று முன்பே ஒதுக்குவதாகச் சொல்லியிருந்த ஏறத்தாழ 3 கோடி டாலரை வைத்துக்கொண்டு, பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்போவதாகவும், வொப்பாபுரா மக்களோடும் அந்தப் பகுதியின் லிவிங்ஸ்டன் ஸ்தல சபையோடும் பொதுஜனங்களோடும் கலந்து அது தயாரிக்கப்படும் என்றும் சொல்லிற்று. ஆடுகளை அனுப்பியபோது கேட்கவில்லை; விடுதி வைத்தபோது கேட்கவில்லை; நகரம் நிர்மாணிக்க வரைபடம் போட்டபோது, வரைந்து முடித்த பிறகு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். முதலாளி எவரும் மிஞ்சாத கட்டத்தில்தான் ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்ற கேள்வி பிறந்தது. கல்யாணம் முடிந்து தம்பதிகள் பிரிந்த பிறகு ஜாதகத்தை எடுத்து விரிப்பது போன்ற காரியம்தான் என்றாலும், இரண்டாம் விவாகத்துக்காவது அது உதவட்டும் என்று ஏற்றுக்கொள்வதே விவேகம்.

இப்போது, அந்தக் கேள்விக்கு எத்தகைய விடை வரக்கூடும் என்பதை ஒரேயொரு விஷயத்தை வைத்து உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். கிரேட் கெப்பல் தீவில் பிரயாணிகள் இறங்குவதற்கு முறையான படகுத்துறை கிடையாது. யெப்பூனை அடுத்த ரோஸ்லின் விரிகுடாவின் துறையில் நல்ல படிக்கட்டில் கால் வைத்துப் படகேறி அரைமணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பிரயாணம் செய்கிற ஒருவர், தீவை அடைந்ததும் காண்பது மணல்மேட்டை முட்டி நிற்கும் படகின் முகப்பையும், அதிலிருந்து இறக்கப்படும் சாய்வுப் பலகையையுமே. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, அலை பின்வாங்கும் சமயம் பார்த்து இறங்குவது இருபது வயதுக்காரனுக்கு விளையாட்டு. முழங்கால் நோயுள்ள மூதாட்டிக்கும், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும், அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் இறக்க வேண்டிய சிறு கடைக்காரருக்கும் அது விளையாட்டல்ல. காற்று திசைமாறி அலை கிளம்பிய நாளில் எவருக்குமே அல்ல.

ஆகையால் படகுத்துறை வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் எத்தகைய துறை? பெரும் உல்லாசக் கப்பல்கள் வந்து கட்டும் துறையா, ஒரே படகு நிற்கும் எளிய மேடையா? எந்தக் கடற்கரையில்? மணலை நகர்த்தும் நீரோட்டத்தை அது மறித்தால் பக்கத்துக் கரை அரிக்கப்படாதா? கடற்பூங்காச் சட்டத்தின்படி அனுமதி யார் கொடுப்பது? கட்டுவதற்கு ஒருமுறை பணம் உண்டு. உப்புக் காற்றில் அரித்த இரும்பை ஆண்டுதோறும் மாற்றுவதற்கு யாருடைய பணம்? ஜனத்தொகை குறைந்த ஒரு ஸ்தல சபையின் தலையில் அது விழுமானால், யெப்பூனில் வீட்டுவரி கட்டும் ஓய்வூதியக்காரரிடம் அதற்குச் சம்மதமா என்று கேட்டாயிற்றா? ‘படகுத்துறை வேண்டுமா?’ என்று மாத்திரம் அச்சடித்துவிட்டு, எதிரே ஒரு கட்டம் போட்டுக் குறியிடச் சொன்னால், பெரும்பான்மையோர் வேண்டும் என்றுதான் குறியிடுவார்கள். அந்த எண்ணிக்கையைப் பின்னால் எந்தத் துறைக்கும் ஆதரவாகக் காட்டிவிடலாம். பொதுக் கழிப்பிடம், குடிநீர், நிழல், நடைபாதை, கூடாரம் அடிக்க இடம் என்று சாதாரண ஜனங்கள் கேட்கிற சாதாரண வசதிகள் ஒவ்வொன்றின் பின்னும் இதே பராமரிப்புக் கணக்கு நிற்கிறது. கனவைக் கேட்பது சுலபம்; கணக்கைக் காட்டிக் கேட்பதுதான் ஆலோசனை.

ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-இல் எழுதிய ஒரு கட்டுரையில், பொதுஜனப் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அதில் கலந்தாலோசனை என்பது கீழிருந்து நாலாவது படி. ஜனங்கள் பேசலாம், அதிகாரிகள் செவிமடுக்கலாம். ஆனால் செவிமடுத்ததன்படி நடக்க வேண்டிய கட்டாயம் அந்தப் படியில் இல்லை. கட்டாயம் பிறப்பது அதற்கு மேல், கூட்டுரிமை என்ற படியில்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் உலகத்துச் சர்க்கார்களில் பெரும்பாலானவை அந்த நாலாவது படியிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டன என்பது என் துணிபு.

வொப்பாபுரா மக்களின் நிலையோ வேறு. 1992-இல் மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் பூர்வகுடிகளின் நிலப் பாத்தியதையை அங்கீகரித்தது. மறு வருஷம் அதற்கென்று சட்டம் வந்தது. 2021 டிசம்பரில் ஃபெடரல் நீதிமன்றம் கெப்பல் தீவுகளின் மீதும் சூழ்ந்த கடலின் மீதும் வொப்பாபுரா மக்களின் பூர்வ பாத்தியதையைப் பிரகடனம் செய்தது. கடல்வளங்களைப் பாரம்பரிய முறைப்படி பயன்படுத்துவது பற்றி, அதற்கு முன்பே 2007-இல் அவர்கள் கடற்பூங்கா நிர்வாகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே, தீவில் மனை வைத்திருப்பவர், படகுக் கம்பெனி, பவளப் பாறையைக் காக்க நினைக்கும் சங்கம், கூடாரம் போட வருபவர், ஹோட்டல் முதலாளி என்று நீளும் வரிசையில் அவர்களையும் ஒரு தரப்பாக நிறுத்திவைத்து, அனைவருக்கும் ஐந்து நிமிஷம் என்று மணியடித்துப் பேசவிடுவது சமத்துவம்போல் தோன்றினும், உண்மையில் அநியாயம். மற்றவர்கள் அபிப்பிராயம் சொல்ல வருகிறார்கள். வொப்பாபுரா மக்களோ பாத்தியதையோடு வருகிறார்கள். அவர்களுடைய சம்மதம் முதலில் பெறப்பட வேண்டியது. எஞ்சியவர்களின் விருப்பத்தோடு கூட்டிப் பெருக்கிச் சராசரி காண வேண்டிய எண்ணாக அதைக் கொள்ளலாகாது. 1902-இல் அப்புறப்படுத்தப்பட்டவர்களின் சந்ததியார் இன்று பல ஊர்களில் சிதறி வாழ்வதால், யெப்பூன் மண்டபத்தில் ஒரு மாலைப்பொழுதில் கூட்டம் போட்டுவிட்டு ‘வந்தவர்கள் சொன்னார்கள்’ என்று எழுதிவைப்பதும் போதாது.

இத்தனை பேரையும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் எப்போது நடக்கும் என்று சலிப்போர் உண்டு. வணிகர்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் கஷ்டத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பிரயாணி வராத துறைமுகத்தில் உணவுக்கடை நடத்துபவருக்கு ஒவ்வொரு பருவமும் கடன். ஆயினும் கிரேட் கெப்பலின் பதினைந்து வருஷங்கள் பாழானது ஜனங்களைக் கேட்டதனால் அல்ல. கேட்காமல் அளவுக்கு மீறி வரைந்ததனாலும், வரைந்ததைக் கட்டப் பணம் இல்லாதவர்களிடம் குத்தகையை விட்டுவைத்ததனாலுமே அவை பாழாயின. அனுமதி கிடைத்த 2013-க்கும் குத்தகை ரத்தான 2023-க்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் எந்தப் பூர்வகுடியும் எந்தப் பறவை ஆர்வலரும் கட்டுமானத்தைத் தடுத்து நிறுத்தவில்லை.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெப்பல் தீவுகளின் பவளங்கள் கரைக்கு அருகே, ஃபிட்ஸ்ராய் என்ற பெருநதியின் முகத்துவாரத்துக்கு எதிரே வளர்பவை. 2011-இல் அந்நதியில் வந்த வெள்ளத்தின் நன்னீர் பாய்ந்து ஆழமற்ற இடங்களிலிருந்த பவளம் மடிந்தது. 2024-இன் கோடையில் கடல் வெப்பமுற்றபோது அங்கே பவளம் கடுமையாக வெளிறிற்று. தீவில் எத்தனை அறைகள் என்று பேசும் கூட்டத்தில், கண்ணாடி அடித்தளப் படகில் பிரயாணிகளுக்குக் காட்டப் பத்து ஆண்டுக்குப் பின் என்ன மிஞ்சியிருக்கும் என்று கேட்பவரை அபசகுனம் பேசுபவர் என்று ஒதுக்குவது சரியல்ல. வியாபாரக் கணக்கிலேயே முதல் வரியாக வர வேண்டிய கேள்வி அது.

2024 அக்டோபரில் அந்த மாகாணத்தில் ஆட்சி மாறியது. ஒரு மந்திரிசபை கேட்டு எழுதிக்கொண்டதை அடுத்த மந்திரிசபை அலமாரியில் வைத்துப் பூட்டுவது எந்தத் தேசத்திலும் நடக்கக்கூடிய காரியம். ஆதலால் என் முடிபு இதுதான்: வொப்பாபுரா மக்களின் சம்மதம் எழுத்து மூலமான உடன்படிக்கையாகப் பதிவாகாமலும், பொதுஜனங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை, காரணம் இன்னது என்ற சர்க்காரின் பதில் பிரசுரமாகாமலும், படகுத்துறையையும் குடிநீரையும் கழிப்பிடத்தையும் ஆண்டுதோறும் யார் பணத்தில் பராமரிப்பது என்பது நிர்ணயமாகாமலும், கிரேட் கெப்பல் தீவின் ஓர் அங்குல நிலத்தையும் எந்தக் கம்பெனிக்கும் மறுபடி நீண்டகாலக் குத்தகைக்கு விடக்கூடாது.